அஞ்சாம் நம்பர் கிளிப்

துணி காயப்போடுகிறவளுக்குக் கிளிப் வேண்டும், அதுவும் எங்கள் ஊர் ஆடிக்காற்றில் பாவாடைக்கு ரெண்டு வேண்டும், சேலைக்கு நாலு வேண்டும், இல்லையென்றால் காலையில் கொடியில் போட்டதை மத்தியானம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உடைமுள்ளில் இருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும். இது தெரியாத பொம்பளை இந்த ஊரில் கிடையாது, இது தெரிந்த ஆம்பளை கூகைப்பொத்தை கிளைடர் கிளப்பில் கிடையாது, அதனால்தான் இப்போதும் நான் ஈரத்துணியை முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு கிளிப் டப்பாவுக்குள் கை விட்டால் பெயின்டில் நம்பர் எழுதின கிளிப்பாக வருகிறது, ரெண்டு வருகிறது, ஏழு வருகிறது, ஒன்பது வருகிறது, அப்புறம் பெயின்ட் உரிந்த ஒன்று வருகிறது, அது ஒன்றா நாலா என்று எழுதினவருக்கே தெரியாது.

எழுதினது எங்கள் வீட்டுக்காரர். குருநாதன் என்று பெயர். ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார், கல்யாணம் காதுகுத்து கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் போர்டு அடித்துக் கொடுக்கிற கடை. அடித்து மிச்சம் விழுகிற அட்டையில் றெக்கை வெட்டி, தெர்மாகோலில் உடம்பு செய்து, பேக்கிங் டேப் ஒட்டி, மூக்கில் தூண்டில் ஈயம் வைத்து ஊரை ஒட்டின கூகைப்பொத்தைக் குன்றுக்குக் கொண்டுபோவார்கள், அவரும் அவர் சேக்காளிகளும். அதனால் எங்கள் ஊர் வானத்தில் பறக்கிற எல்லாவற்றிலும் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி மீசை இருக்கும், யாரோ ஒரு தாத்தாவின் ஒரு கண் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் கிளைடரின் இடது றெக்கையில் 'ஆழ்ந்த இர' என்று இருக்கும். மிச்சம் எழுத்து யார் வீட்டுச் சுவரிலோ.

அதற்கு மோட்டார் கிடையாது. கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பொத்தையில் முட்டி மேலே ஏறும், அந்த ஏத்தத்தில் எறிந்துவிட்டு, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்புவார்கள், அவ்வளவுதான். ரிமோட்டெல்லாம் யாரோ வெளியூர்க்காரர்கள் கழித்துப் போட்ட பழைய சாமான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சானல். ஒரே சானலில் ரெண்டு பேர் ஸ்விட்ச் போட்டால் ஒருத்தர் கிளைடர் இன்னொருத்தர் பேச்சைக் கேட்டு மண்ணில் குத்திவிடும். அதற்காக ஒரு பலகை வைத்து, சானலுக்கு ஒன்றாக அந்த நம்பரை எழுதித் துணிக் கிளிப்பைக் குத்தி, கிளிப்பைக் கையில் எடுத்தவர்தான் ஸ்விட்ச் போடலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். நல்ல விதிதான். கிளிப் மட்டும் என்னுடையது.

இதெல்லாம் ஆரம்பித்த அன்றைக்கும் இப்படித்தான் ஒரு கிளிப் பலகைக்குப் போய் என் டப்பாவுக்கே திரும்பி வந்திருந்தது. எங்கள் பிள்ளைக்கு அப்போது ஒரு வயது முடிந்து கொஞ்ச நாள். சான்றிதழில் தனுஷ்கா, வீட்டில் பேச்சி. நாத்தனார் எடுத்துக்கொடுத்த கவுன் அவளுக்கு ரொம்பப் பெரிசு, தோளில் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது, நான் கவுனைப் பின்கழுத்தில் மடித்துச் சேர்த்துக் கைக்குக் கிடைத்த கிளிப்பைக் குத்திவிட்டு, பருப்புச்சோறு ஊட்ட உட்கார்ந்தேன். அது அஞ்சாம் நம்பர் கிளிப். பார்க்கவில்லை. சோறு ஊட்டுகிறவள் நம்பரா பார்ப்பாள்?

மேலே பொத்தையில் எங்கள் வீட்டுக்காரர் பலகையில் அஞ்சைக் காணோம் என்று புல்லில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை, எங்கேயாவது விழுந்திருக்கும் என்று கிளிப் இல்லாமலே ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். அவர் கிளைடர் மூக்கைப் புல்லில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. என் பிள்ளை எழுந்தது.

எழுந்தது என்றால் மடியில் இருந்து ஒரு பூனை இறங்கிப்போகிற மாதிரி, மேல்பக்கமாக. வாயில் ஒரு வாய்ச் சோறு இருந்தது. ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு முருங்கைமரத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பகவதி மதினி வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தின்மேல் நிழல் விழ ஒரு வட்டம் போட்டு, காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி நின்றாள். நான் கிண்ணத்தோடு அவளுக்கு நேர் கீழே ஓடினேன். கத்தத் தோன்றவில்லை. எனக்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் வராது, ஏழாம் வகுப்பில் டீச்சர் எழுந்து வாசி என்று சொன்ன நாளில் இருந்து அப்படி, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. ஓடினேன், அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினேன், பிள்ளை இன்னும் அந்த வாயை முழுங்கவில்லையே என்பதுதான் என் நினைப்பில் இருந்தது.

பொத்தை மேலிருந்து எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். ரிமோட்டில் இருக்கிற குச்சியை இடது பக்கம் தள்ளினால் பிள்ளை இடது பக்கம் போகிறது, வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம். அதுவரைக்கும் அவர் பறக்கவிட்ட ஒன்றுகூட முழுசாக இறங்கினது கிடையாது, அன்றைக்கு மட்டும் அரைக்கிற அம்மியில் இருந்து மஞ்சளை வழிக்கிற மாதிரி அவ்வளவு பதனமாகப் பிள்ளையைச் சரிவு வழியாக ஏற்றிக்கொண்டுபோய்ப் பொத்தை உச்சியில் புல்லில் உட்காரவைத்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது ஆம்பளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள், கிளப் தலைவர் வேலாண்டி அண்ணாச்சி கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து நீளமாக ஊதினார். ரிட்டயர்டு கண்டக்டர். எது இறங்கினாலும் ஊதுவார்.

"லேண்டிங் நல்லாத்தான் இருக்கு," என்றார். "வாலு இல்லாததனால கொஞ்சம் அலம்பி ஆடுது."

நான் கிண்ணத்தை நீட்டினேன். பேச்சி வாயைத் திறந்தாள்.

அதற்கப்புறம் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தோம், கவுனை மாற்றிப் பார்த்தோம், பிள்ளையைக் குளிப்பாட்டிக்கூடப் பார்த்தோம், ஒன்றும் மாறவில்லை. அஞ்சாம் சானலில் ஸ்விட்ச் போட்டால் அவள் எழுந்தாள், அணைத்தால் பிள்ளையாக இருந்தாள். கிளப்பில் கூட்டம் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பின்வாசலில்தான் போட்டார்கள், டீ நான்தான் போட்டேன்.

"பிள்ளையைக் கிளைடர் மாடல்னு சேத்துக்கிடலாமா?" என்று கேட்டார் சாகுல் பாய், மெடிக்கல் கடை வைத்திருக்கிறவர், கிளப்புக்கு எடை பார்க்கிற தராசு அவர் கொடுத்ததுதான்.

"மாடலுக்கு உசிரு இருக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு, பாய்?"

"இல்ல அண்ணாச்சி, நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லா."

"மோட்டார் உண்டா? இல்ல. பேட்டரி உண்டா? இல்ல. அப்ப இது சுத்தமான கிளைடருவே. நம்மகிட்ட இருக்கிறதுலயே இதுதான் சுத்தம்."

சாகுல் பாய் டேப்பை எடுத்து ஒரு கை நுனியில் இருந்து மறு கை நுனி வரைக்கும் பிள்ளையை அளந்தார், அவளுக்குக் கூச்சம் வந்து சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், அத்தோடு தீர்மானம் நிறைவேறிவிட்டது. டம்ளரைக் கழுவி வைக்க யாரும் வரவில்லை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். முதல் வாரம் கோழிகள் பருந்து என்று நினைத்துக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வைக்கோல் படப்புக்குள் ஓடின, மறு வாரம் ஓடவில்லை. மனுஷர்களுக்கு அந்த ஒரு வாரம்கூட ஆகவில்லை. குழாயில் தண்ணீர் உண்டா என்று கேட்கிற மாதிரி இன்றைக்குப் பேச்சி உண்டா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். தென்கரைத் தோப்பில் எந்த மரத்தில் காய் விளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், காணாமல்போன வெள்ளாடு எந்தப் பக்கம் மேய்கிறது என்று பார்க்க வேண்டும், அம்மன் கோயில் கலசத்துக்கு ஒரு முழம் பூச் சாத்த வேண்டும், நெல் தூற்றுகிறவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் என் பிள்ளை. பிறந்தநாள் போர்டு அடிக்க வந்தவர்கள் போர்டு வேண்டாம், பேச்சியை மண்டபத்துக்கு மேலே ரெண்டு சுற்று விடுங்கள் போதும் என்றார்கள்.

பகவதி மதினி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பார்த்து, "ஏளா உச்சி, எங்க மச்சுல தொட்டி மூடி தொறந்து கெடக்கான்னு போற போக்குல பாக்கச் சொல்லேன்," என்றாள். உச்சிமாகாளி என்பது என் முழுப் பெயர்.

"அவளுக்குப் பேச்சே வரலியே மதினி."

"கையக் காட்டுவால்லா."

"ரெண்டு கையையும் விரிச்சுத்தான மதினி பறக்கா. எதைக் காட்டுவா?"

"ஒரு சின்ன உதவின்னு கேட்டா நூறு வியாக்கியானம் சொல்லுதா பாரு," என்று மதினி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், நான் கடைசியில் ஏணி வைத்து ஏறி அவள் தொட்டி மூடியைப் பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருந்தது.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பேச்சி நடக்கவில்லை.

அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் தெருவில் விழுந்து எழுந்து முட்டி தேய்த்துக்கொண்டு அலைந்தன. இவள் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிடியை விடுவாள், ஒரு காலைத் தூக்குவாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரெண்டு கையையும் நீட்டுவேன், அந்த நேரம் பார்த்து மேலே எவனாவது ஸ்விட்சைப் போடுவான். தூக்கின கால் கீழே வராது. பறந்து களைத்து இறங்கி வருகிறவள் நேராக மடியில் படுத்துத் தூங்கிப்போவாள், உள்ளங்கால் ரெண்டும் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரி வெண்ணெயாக இருக்கும். மற்ற தாய்மார் பிள்ளையின் உள்ளங்காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும்.

எங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு. "பிள்ளை நடக்கணும்லா," என்றேன்.

"பறக்கிறவளுக்கு நடை எதுக்குளா?"

"பள்ளிக்கூடத்துக்குப் போவணும்."

"நான் பறக்கவிட்டே கொண்டு எறக்கிருவேன்."

"கோவிச்சுக்கிட்டு ஒருநாள் வீட்டை விட்டுப் போவணும்னா? அன்னைக்கும் நீங்கதான் ஸ்விட்ச் போடுவியளா?"

அவர் றெக்கைக்கு டேப் ஒட்டப் போய்விட்டார். கெட்ட மனுஷர் கிடையாது. அவர் கையில் ஒன்று நல்லபடியாகப் பறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நான் அஞ்சாம் நம்பர் கிளிப்பை எடுத்து மாராப்புக்கு உள்ளே குத்திக்கொண்டேன். சொல்லவில்லை, கேட்கவில்லை, குத்திக்கொண்டேன். மறுநாள் வந்து பலகையைப் பார்த்தார்கள், அஞ்சு இல்லை, அண்ணாச்சி விசிலை வாயில் வைத்து எடுத்துவிட்டு, "கிளிப் இல்லாம ஸ்விட்ச் இல்ல. விதி விதிதான்," என்றார். பெற்றவள் பேச்சுக்கு இல்லாத மரியாதை ஒரு துணிக் கிளிப்புக்கு இருந்தது. ஊரில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள், மேகம் இருந்தும் சாரல் இல்லாமல் போனதற்குக்கூட நான்தான் காரணம் என்று ஒரு பேச்சு வந்தது, நான் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். பேச்சி கல்லைப் பிடித்து நின்றாள், பிடியை விட்டாள், காலைத் தூக்கினாள், தூக்கின காலை மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். மேலே பார்த்தாள். எப்போது தூக்குவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் கிளப்பின் ஆடிப் பந்தயம் வந்தது. வெளியூர் கிளப்புகளில் இருந்தெல்லாம் வருவார்கள், அவர்களிடமும் அஞ்சாம் சானல் ரிமோட் இருக்குமே என்று எங்கள் வீட்டுக்காரரை விட்டு அண்ணாச்சியிடம் கேட்கச் சொன்னேன். அண்ணாச்சி, "பொத்தை ஏறுற எடத்துலயே ரிமோட்டை வாங்கிப் பாத்துத்தாம்மா விடுவேன், பயப்படாத," என்றார். இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. கிளப் பெட்டியில் ஈயக்கட்டிகள் கிடந்தன, கிளைடர் மூக்கில் வைக்கிறவை. எடை இருந்தால் தூக்காது என்று நானாக நினைத்துக்கொண்டு, பேச்சியின் கவுன் விளிம்பைப் பிரித்து, சுற்றிலும் ஈயத்தை வைத்துத் தைத்தேன். அவள் நகர்ந்தால் கவுன் தரையில் கடகடவென்று இழுபட்டது. எனக்கு அந்தச் சத்தம் நிம்மதியாக இருந்தது.

பந்தயத்து அன்றைக்குப் பின்வாசலில் பெரிய சட்டியில் எலுமிச்சம் சோறு கிளறிக்கொண்டிருந்தேன், வந்தவர்கள் எல்லாருக்கும் சாப்பாடு கிளப் பொறுப்பு, கிளப் பொறுப்பு என்றால் என் பொறுப்பு. பேச்சி சாக்கில் உட்கார்ந்து கறிவேப்பிலைக் காம்பை மென்றுகொண்டிருந்தாள். மேலே நடந்ததை அப்புறம் சாகுல் பாய் சொல்லித்தான் தெரியும். விலை கூடின கிளைடர்களோடு வந்த ஒரு கூலிங்கிளாஸ்காரர் எங்கள் வீட்டுக்காரரின் 'ஆழ்ந்த இர' கிளைடரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இந்த ஊர்ல பிள்ளை பறக்கும்னு சொன்னாங்களே, அதுவும் ஃப்ளெக்ஸ்ல அடிச்ச பிள்ளைதானா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். எங்கள் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். சிரித்துக்கொண்டே போய் அஞ்சாம் சானல் ரிமோட்டை எடுத்து ஸ்விட்சைப் போட்டுவிட்டார், கிளிப் இல்லாமல்.

சாக்கு காலியாக இருந்தது.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். எழும்பிவிட்டாள். கவுன் குடை மாதிரி விரிந்து, விளிம்பு ஈயத்தால் விறைத்து நின்றது, முன்பெல்லாம் காற்று தள்ளத் தள்ளப் பொத்தைப் பக்கமே ஒதுங்கி மிதக்கிறவள் அன்றைக்குக் காற்றைக் கிழித்துக்கொண்டு நேர் எதிரே மேற்கே போனாள், குளத்தைத் தாண்டிப் போனாள், காற்றாலைக் காத்தாடிகள் நிற்கிற பக்கமாகப் போனாள், அப்படி ஒரு வேகத்தில் அவள் போய் நான் பார்த்ததே இல்லை.

பொத்தை மேல் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அத்தனை ஆம்பளைகளும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள், எங்கள் வீட்டுக்காரர் கையில் ரிமோட் பீப் பீப் என்று அழுதுகொண்டிருந்தது. பேட்டரி இறங்கினால் அப்படி அழும். என்னைப் பார்த்ததும் அவர் விரல் தன்னால் ஸ்விட்சுப் பக்கம் போனது, தப்பு செய்த பிள்ளை கையில் இருப்பதை ஒளிக்கப் பார்க்குமே, அந்த மாதிரி.

"அணைக்காதீய!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. பொத்தையின் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. கீழே தெருவில் நின்ற பகவதி மதினிக்குக் கேட்டிருக்கிறது, கோயில் பூசாரிக்குக் கேட்டிருக்கிறது. கூலிங்கிளாஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அணைச்சா விழுந்துருவா. திருப்புங்க. அவளை வீட்டுக்குத் திருப்புங்க."

"ஏன் இப்படிப் போறான்னு தெரியலியே உச்சி, ஈயம் வச்ச கிளைடர் மாதிரில்லா போறா..."

"ஈயம் நான்தான் வச்சேன். கவுன்ல."

வேலாண்டி அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "ஈயம் போட்டா நிக்கும்னு நெனச்சியாம்மா? ஆடிக்காத்தை எதுத்துப் போறதுக்குத்தான நாங்களே ஈயம் போடுதோம்!"

அழ நேரமில்லை. அவர் திருப்பினார், குளத்துக்கு மேலே ஒரு பெரிய வட்டமாகத் திரும்பி அவள் எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தாள், நேருக்கு நேராக, கையை விரித்துக்கொண்டு. அங்கேதான் வினை. நம்மைப் பார்த்து வருகிறதற்கு இடது வலமாக மாறும், அதில்தான் எங்கள் வீட்டுக்காரர் இத்தனை கிளைடரையும் மண்ணில் குத்தினார். அவர் வலது பக்கம் தள்ள அவள் காத்தாடிப் பக்கம் சாய்ந்தாள், பதறி மறுபக்கம் தள்ள இன்னொரு பக்கம் கவிழ்ந்தாள், காற்றில் அவள் கவுன் விளிம்பு கடகடவென்று அடிக்கிற சத்தம் பொத்தை வரைக்கும் கேட்டது.

"எனக்கு வலது எது இடது எதுன்னே ஓடலை உச்சி," என்றார்.

"வலது இடது விடுங்க. அவ சோத்துக்கையைப் பாருங்க," என்றேன். தினம் எதிரே உட்காரவைத்துச் சட்டை மாட்டுகிறோம், வளையல் போடுகிறோம், சோறு பிசைந்து கொடுக்கிறோம், எந்தக் கையை நீட்டுகிறாளோ அதுதானே கை. "அவ சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும். இப்ப பீச்சாங்கைப் பக்கம். மெதுவா. அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துவியள்லா, அந்த மாதிரி."

அவர் அதற்கப்புறம் குச்சியைப் பார்க்கவில்லை, பிள்ளையை மட்டும் பார்த்தார். சோத்துக்கை என்றேன், பீச்சாங்கை என்றேன், பீப் சத்தம் நெருங்கி நெருங்கி ஒரே இழுப்பாக வந்தது, பேச்சியின் முகம் தெரிந்தது, கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாள். கையில் போட்டு ஆட்டி, பாட்டுப் பாடி, ஊரெல்லாம் சுற்றினாலும் மத்தியானம் கண்மூடாத பிள்ளை அங்கே போய்த் தூங்கிவிட்டாள், இத்தனை கூத்துக்கும் நடுவில் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்ல?

புல்லில் உட்கார்ந்தாள். ஈயம் தரையில் தட்டின சத்தத்துக்கு விழித்துக்கொண்டு வீல் என்று அழுதாள். ரிமோட்டும் அழுகையை நிறுத்தியது, சார்ஜ் தீர்ந்து.

அண்ணாச்சி விசிலை வாயில் வைத்தார், ஊதாமல் எடுத்தார். "கிளிப் இல்லாம ஸ்விட்ச் போட்டா ரிமோட்டைக் கிளப் பறிமுதல் பண்ணணும்," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "கிளப்புன்னா யாரு கையில கொடுக்கன்னுதான் தெரியலை."

நான் ஒரு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறு கையை நீட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கொண்டுவந்து அதில் வைத்தார். வைத்துவிட்டுப் பிள்ளையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கீழ அடுப்புல சோறு அடிபிடிச்சிருக்கும்," என்றேன். "ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கிட்டு வாங்க. கழுவி வச்சிட்டுத்தான் போவணும்."

அன்றைக்குத் தட்டுகளை அவர்களே கழுவினார்கள், கூலிங்கிளாஸ்காரர் சட்டியைத் தேய்த்தார்.

அப்படித்தான் இந்தக் கிளப் என் தலையில் விழுந்தது. பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து என் கொடிக்கம்பத்தில் ஆணி அடித்துவிட்டார்கள். பொத்தைக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே வந்து என்னிடம் கிளிப் வாங்க வேண்டும், இறங்கினதும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், நான் இல்லையென்றால் பறக்கக் கூடாது. வாய் வராதவள் என்று யாரும் இப்போது சொல்வதில்லை, சொன்னால் நன்றாக இருக்கும், கொஞ்சம் நிம்மதியாகத் துணி காயப்போடலாம். காலையில் பால் காய்ச்சுகிறதற்கு முன்னால் "தங்கச்சி, ஏழு இருக்கா?" என்று சாகுல் பாய் நிற்கிறார். ஏழில் எங்கள் வீட்டுக்காரர் பனியன் தொங்குகிறது என்றால், காயட்டும்மா, நிக்கேன் என்று நிற்கிறார், நின்றால் டீ கொடுக்க வேண்டும். காற்று இல்லை என்று என்னிடம் குறை சொல்கிறார்கள். காற்று கூடுதல் என்றும் என்னிடம்தான் சொல்கிறார்கள். பசை தீர்ந்தது, டேப் தீர்ந்தது, ரெண்டாம் சானலுக்கு மாமனும் மருமகனும் சண்டை, எல்லாம் இந்தக் கொடிக்குக் கீழே வந்து தீர வேண்டியிருக்கிறது. நான் பிழிந்த துணியை உதறுகிற உதறலில் தண்ணீர் தெறித்தால்தான் நகர்கிறார்கள்.

அஞ்சாம் சானல் ரிமோட் பீரோவுக்கு மேலே பழைய சேலையில் சுற்றிக் கிடக்கிறது. உடைத்துவிடலாம் என்று எங்கள் வீட்டுக்காரரே சொன்னார். உடைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றை என் பிள்ளையின் மேல் செய்துபார்க்க எனக்கு மனசில்லை. அவரும் இப்போது சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுப் பொத்தைக்குப் போகாமல் வந்து வாசலில் ஒரு மூலையில் குத்தவைத்துப் பேச்சியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "வா, வா, அப்பாட்ட வா," என்கிறார். அவள் துவைக்கிற கல்லைப் பிடித்து நிற்கிறாள், பிடியை விடுகிறாள், ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு பொத்தையைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். கவுன் விளிம்பில் இருந்து ஈயத்தை எல்லாம் பிரித்து எடுத்துவிட்டேன். ராகிக்கூழ் கொடுக்கிறேன், நல்லெண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுகிறேன், மதினி சொன்னாளென்று ஈர மணலில் இடுப்பளவு புதைத்துக்கூட நிறுத்திப் பார்த்தேன். பறக்கவிட்டால் ஒரு நொடியில் எழுந்துவிடுவாள், எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், வடகம் காய்கிற ஒவ்வொரு மாடியில் இருந்தும் என்னைப் பார்க்கிற பார்வையில் அதுதான் இருக்கிறது. ஒருநாள் யாரும் இல்லாதபோது நானே பீரோவுக்கு மேலே ரிமோட்டில் கை வைத்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டேன், காலைப் பார்த்துப் பார்த்து எனக்கே பொறுமை போய்விட்டது. அதனால்தான் அஞ்சாம் நம்பர் கிளிப்பைப் பலகையிலும் குத்துகிறதில்லை, டப்பாவிலும் போடுகிறதில்லை, இதோ இப்போதும் மாராப்பில் இருக்கிறது, எவ்வளவு காற்று அடித்தாலும் எந்தத் துணி பறந்தாலும் இதை மட்டும் எடுத்துக் குத்தமாட்டேன் என்று

"ஏளா உச்சி! வாசக் கதவை எவ தொறந்து போட்டது? உம் மவ தன்னால தெருவுல நடந்து போய்க்கிட்டு இருக்கா, ரேஷன் கடையத் தாண்டிட்டா, கூப்பிடக் கூப்பிடத் திரும்ப மாட்டேங்கா, ஓடியாளா!"

மதினி, பிடிச்சிராதீய, அவளைத் தூக்கிராதீய, நான் இந்தச் சேலையை மட்டும் கொடியில போட்டுட்டு, ஐயோ இதுக்குக் கிளிப்பு, அந்த அஞ்சாம் நம்பரையே குத்திட்டு ஓடியாறேன்